விலபிரேடோ பரேட்டோ

கணிப்பொறியில் எண்களை இட்டுப் படம் வரையப் பயில்வோர் பரேட்டோ படம் என ஒன்றினை அறிவர். பெரியது முதலாகச் சிறியது ஈறாகத் தூண்கள் இறங்கி நிற்க, அவற்றின் மேலே ஒரு கோடு ஏறிச்சென்று நூறில் முடியும். ஒவ்வொரு கூறும் மொத்தத்தில் நூற்றுக்கு எத்துணை என்று கண்டு, முன்னைய கூட்டுத்தொகையோடு அதனைச் சேர்த்துக்கொண்டே போக அக்கோடு பிறக்கும். 50, 25, 15, 10 என்பன 50, 75, 90, 100 என்றாகும். இப்படத்திற்குப் பெயர் தந்த பெருமகனாரை அறியப் புகுந்த நாம், அவர் இக்கோட்டினை வரைந்தாரல்லர் எனக் கண்டு வியப்புற்றோம்.

பரேட்டோ 1848-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் பாரிஸ் மாநகரில் தோன்றினார். தந்தையார் ஜெனோவா நகரத்துப் பிரபு குலத்தினர். இத்தாலியின் விடுதலை வேட்கையால் நாடு நீங்கியவர். அன்னையார் பிரெஞ்சு மாது. குடும்பம் இத்தாலிக்கு மீண்டபின், டூரின் நகரில் பொறியியல் கற்று 1870-இல் பட்டம் பெற்று, இருப்புப்பாதையிலும் இரும்பாலையிலும் பல்லாண்டு பணிபுரிந்தார். 1893-இல் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து லொசான் சருவகலாசாலையில் வால்ரா என்னும் அறிஞர் வகித்த பொருளாதார ஆசிரியப் பதவி இவரை வந்தடைந்தது.

ஆங்குதான் இவர் இங்கிலாந்து, பிரஷியா, சாக்ஸனி முதலிய நாடுகளின் வரிக்கணக்குகளை ஆராய்ந்தார். இன்ன வருவாய் பெறுவோர் எத்துணைப் பேர் என்று கேளாமல், இன்ன வருவாயும் அதற்கு மேலும் பெறுவோர் எத்துணைப் பேர் என்று கேட்டதே இவருடைய நுட்பம். இதுவும் ஒருவகைத் திரட்டுக் கணக்கே. ஆயினும் மேலிருந்து எண்ணுவது. வருவாய்க்கும் தொகைக்கும் மடக்கை கண்டு புள்ளியிட்டபோது, புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் நின்றன. அதன் சரிவு ஒன்றரையை ஒட்டியிருந்தது. அஃதாவது, ஆயிரம் பவுனும் அதற்கு மேலும் உடையார் எண்ணாயிரவர் எனில், நாலாயிரம் பவுனும் அதற்கு மேலும் உடையார் ஆயிரவரே.

நாடுதோறும் சரிவு பெரிதும் மாறாமை கண்ட பரேட்டோ, இதனை ஒரு விதியாகவே கொண்டு 1896, 1897-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பொருளாதார நூலில் எழுதினார். மக்கட்டொகையினும் விரைந்து செல்வம் பெருகினாலன்றி ஏழைமை குறையாது என்பது அவர் முடிபு. இவ்விடத்து நாம் தயங்குகிறோம். வரி ஏட்டில் ஏறியவர் செலுத்தத் தக்க வருவாய் உடையவரேயன்றோ? கூலியாளும் இரவலனும் அதில் ஏறவில்லை. தாழ்ந்த வருவாய்க்கு அக்கோடு பொருந்தாமையை அவரும் அறிந்தேயிருந்தார். இல்லாரை எண்ணாத ஏட்டினைக் கொண்டு இல்லாமைக்கு விதி கூறுதல் எங்ஙனம்?

1898-இல் தந்தையாரின் உடன்பிறந்தார் ஒருவரின் செல்வம் இவருக்கு வந்தது. பின்னர் ஜெனீவா ஏரிக்கரையில் செலின்யி என்னும் சிற்றூரில் பூனைகள் பலவற்றோடு வாழ்ந்து, 1916-இல் சமூகவியற் பெருநூலொன்றை வெளியிட்டு, 1923 ஆகஸ்டு 19-இல் காலமானார்.

மக்கட்டொகையையும் செல்வத்தையும் நூற்றுவீதமாகத் திரட்டிக் கோடு வரைந்தவர் லோரென்ஸ் என்னும் அமெரிக்கர், ஆண்டு 1905. தொழிற்சாலைப் பிழைகளுள் சிலவே பெருங்கேடு விளைப்பன என்று கண்ட ஜுரான் என்னும் பொறியாளர், அவ்வுண்மைக்குப் பரேட்டோவின் பெயரைச் சூட்டினார். திரட்டுக்கோடு லோரென்ஸுக்கு உரியதென்றும், தாம் பெயரிட்டது தவறென்றும் 1975-இல் அவரே எழுதி ஒப்புக்கொண்டார். கணிப்பொறிகள் அப்படத்தை இன்றும் பரேட்டோ படம் என்றே அழைக்கின்றன.