அளந்தறிந்து முடிவு செய்தவர்: விக்ரம் சாராபாய்

விக்ரம் சாராபாய் என்றவுடன் தும்பாவும் விண்ணில் பாய்ந்த ராக்கெட்டும் நம் நினைவுக்கு வரும். இந்திய விண்வெளி ஆய்வின் தந்தை எனப் போற்றப்படும் அப்பெருமகனார், அப்பணியில் இறங்குவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே நூற்பாலைகளுக்குள்ளும் மருந்துத் தொழிற்சாலைக்குள்ளும் அறிவியலைக் கொண்டு செல்ல உழைத்தவர். தொழில் நடத்துவோர் எதனை நம்பி முடிவெடுக்க வேண்டும் என்னும் வினாவுக்கு அவருடைய வாழ்வில் தெளிவான விடை உண்டு. அவ்விடையை நம் இளைய தலைமுறையினர் அறிந்து கொள்ளுதல் நலம்.

குடியும் கல்வியும்

அகமதாபாத் நகரின் புகழ்பெற்ற சமண வணிகக் குடும்பத்தில், அம்பாலால் சாராபாய்க்கும் சரளாதேவிக்கும் பிறந்த எண்மருள் ஒருவராக 1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் விக்ரம் தோன்றினார். தந்தையார் காலிகோ ஆலையின் உரிமையாளர். பிள்ளைகளுக்காக மாளிகையிலேயே பள்ளி ஒன்றை நிறுவி, சிறந்த ஆசிரியர்களைக் கொண்டு கல்வி புகட்டினார்.

விக்ரம் பிறப்பதற்கு முந்தைய ஆண்டில் அக்குடும்பம் ஒரு பெருஞ்சோதனையைச் சந்தித்திருந்தது. 1918இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் 35 விழுக்காடு ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். ஆலை முதலாளிகளின் தரப்பில் தலைமை தாங்கியவர் அம்பாலால்; தொழிலாளர் பக்கம் காந்தியடிகளோடு நின்றவர் அம்பாலாலின் தமக்கையார் அனசூயா. காந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டபின் உடன்பாடு ஏற்பட்டது. 1920இல் மஜூர் மகாஜன் என்னும் தொழிற்சங்கமும் உருவாயிற்று. ஆலையின் கணக்கைத் தந்தையிடமும் தொழிலாளியின் கணக்கை அத்தையிடமும் கேட்டறியும் வாய்ப்பு விக்ரமுக்குச் சிறுவயதிலேயே வீட்டிற்குள் அமைந்திருந்தது.

கேம்பிரிட்ஜில் 1940இல் பட்டம் பெற்ற அவர், போர்க்காலத்தில் தாயகம் திரும்பிப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. இராமனிடம் காஸ்மிக் கதிர் ஆய்வில் ஈடுபட்டார். 1942இல் நாட்டியக் கலைஞர் மிருணாளினியை மணந்தார். மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று 1947இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

அட்டிராவின் தோற்றம்

விடுதலை பெற்ற அதே ஆண்டில், இருபத்தெட்டு வயதே நிரம்பிய அவர் இரு நிறுவனங்களுக்கு வித்திட்டார். ஒன்று இயற்பியல் ஆய்வுக்கூடம். மற்றொன்று அட்டிரா எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அகமதாபாத் நெசவுத் தொழில் ஆராய்ச்சிக் கழகம். இதற்குக் கஸ்தூர்பாய் லால்பாய் முதலிய ஆலை அதிபர்கள் துணை நின்றனர்.

அக்கால ஆலைகளில் முடிவுகள் பெரும்பாலும் பழக்கத்தாலேயே எடுக்கப்பட்டன. பஞ்சின் தரத்தைக் கையால் தொட்டுச் சொன்னார்கள். இழை ஏன் அறுகிறது என்பதற்கு மேஸ்திரி கூறுவதே காரணமாயிற்று. அனுபவத்திற்கு மதிப்புண்டு. ஆயினும் கூடத்தின் காற்று வறண்டதால் இழை அறுகிறதா, பஞ்சின் கலப்பால் அறுகிறதா, எந்திரத்தின் தேய்மானத்தால் அறுகிறதா என்பதை அனுபவம் மட்டும் பிரித்துக் காட்டாது. காற்றின் ஈரப்பதத்தை அளந்து, அறுந்த இழைகளை எண்ணி, நூலின் வலிமையைச் சோதித்து, நாள்தோறும் குறித்து வந்தால் காரணம் தானே வெளிப்படும். காரணம் தெரியாமல் தொழிலாளியைக் கடிந்து கொள்வதால் ஓர் இழையும் வலுப்பெறாது. இவ்வகையான அளவீட்டு முறைகளையும் புள்ளியியல் வழித் தரக் கட்டுப்பாட்டையும் அட்டிரா ஆலைகளுக்குள் கொண்டு சென்றது.

இப்பணிக்கு நெசவுத் தொழிலில் முன்பழக்கம் இல்லாத இளம் அறிவியலாளர்களை விக்ரம் துணிந்து அமர்த்தினார். பழகிய கண்ணுக்குத் தோன்றாத வினா புதிய கண்ணுக்குத் தோன்றும் அன்றோ?

இடையூறுகள் இரண்டு இருந்தன. தம் ஆலையின் குறைநிறைகளைப் போட்டியாளர் அறிந்து விடுவரோ என முதலாளிகள் தயங்கினர். அளவுகோலோடு வருபவர் வேலையாட்களைக் குறைக்கவே வருகிறார் எனத் தொழிலாளர் அஞ்சினர். இவ்வச்சம் பொய்யன்று, செலவுக் குறைப்பு என்ற பெயரில் ஆட்குறைப்பு நடந்த இடங்கள் உண்டு. ஆதலின் எந்திரத்தை ஆராய்வதோடு அட்டிரா நின்றுவிடவில்லை. கமலா சௌத்ரி என்னும் உளவியல் அறிஞரின் பொறுப்பில், ஆலையில் மனிதர்களுக்கிடையே நிலவும் உறவுகளை ஆராயும் பிரிவும் அமைக்கப்பட்டது. 1956 வரை விக்ரம் ஊதியம் பெறாத இயக்குநராக அட்டிராவை வழிநடத்தினார். அதே ஆண்டில் கோயம்புத்தூரில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் தோன்றித் தமிழகத்து நூற்பாலைகளுக்கும் இத்தகைய துணை கிட்டியது.

நெசவுக்கூடத்தில் ஒரு பாடம்

அக்காலத்தில் விக்ரமின் அண்ணன் கௌதம் நடத்திய காலிகோ நிறுவனத்தில் நிகழ்ந்த ஒன்றும் இங்குக் குறிக்கத்தக்கது. அங்குத் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டும் எதிர்பார்த்த உற்பத்தி கிட்டவில்லை. 1953இல் லண்டனிலிருந்து ஏ.கே. ரைஸ் என்னும் ஆய்வாளர் வரவழைக்கப்பட்டார். 224 தறிகளை ஒரு முறைப்பணியில் 29 பேர் பார்த்து வந்தனர். அவர்களுடைய வேலை பன்னிரண்டு வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நெசவாளர் சில தறிகளுக்கும், நூற்கண்டு நிரப்புவோர் வேறு சில தறிகளுக்கும், எண்ணெயிடுவோர் எல்லாத் தறிகளுக்கும் பொறுப்பு. எனவே ஒரு தறி நின்றால் யாரோடு யார் சேர்ந்து அதனைச் சீர் செய்வது என்பது தெளிவாக இல்லை.

ஒரு தொகுதித் தறிகளுக்கு ஒரு சிறு குழு முழுப்பொறுப்பேற்கலாம் என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. தொழிலாளர் அதனை விரைந்து பற்றிக்கொண்டு, யார் யாருடன் சேர்வது என்பதைத் தாமே முடிவு செய்தனர். தொடக்கத்தில் தடுமாற்றங்கள் இருந்தன. அவை சீராக்கப்பட்ட பின் உற்பத்தி உயர்ந்தது. துணியின் பழுது குறைந்தது. தறியை மாற்றாமல், வேலையைப் பங்கிட்ட முறையை மாற்றியதால் விளைந்த பயன் இது.

மேலாண்மைக் கல்வி

பரோடாவில் இருந்த குடும்பத்தின் மருந்து நிறுவனமான சாராபாய் கெமிக்கல்ஸின் பொறுப்பை ஏற்றபோது, விக்ரம் அங்கும் இதே வழியைக் கையாண்டார். எதனை எவ்வளவு உற்பத்தி செய்வது, எவ்வளவு இருப்பு வைப்பது, சந்தை எதனை வேண்டுகிறது என்பனவற்றைக் கணிதத்தின் துணையோடு ஆராயும் செயல்முறை ஆராய்ச்சியை இந்திய மருந்துத் தொழிலில் புகுத்திய முன்னோடிகளுள் அவர் ஒருவர். 1960இல் அவர் தோற்றுவித்த ஓ.ஆர்.ஜி. என்னும் நிறுவனம் நாட்டின் சந்தை ஆய்வுக்கு வழிகோலியது.

ஆய்வுக்கூடங்கள் மட்டும் போதா; முடிவெடுக்கும் ஆற்றல் வாய்ந்த மேலாளர்களும் வேண்டும் என அவர் கருதினார். அரசும் தொழிலதிபர்களும் கைகோக்க, 1961இல் அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகம் நிறுவப்பட்டது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஒத்துழைப்போடு, உண்மையான நிறுவனச் சிக்கல்களை மாணவர் முன்வைத்து விவாதிக்கச் செய்யும் பயிற்சி முறை அங்கு வேரூன்றியது. ஒரே நிகழ்ச்சியைப் பலர் பல கோணங்களில் காண்பதும், பிறர் கண்ட கோணத்துக்கும் செவி சாய்த்த பின்னரே முடிவுக்கு வருவதும் அம்முறையின் உயிர்நாடி. அநேகாந்தத்தைப் போற்றும் நமக்கு இது புதிதன்று. கழகம் காலூன்றியதும் 1965இல் முழுநேர இயக்குநராக ரவி மத்தாய் பொறுப்பேற்க, விக்ரம் விலகிக்கொண்டார். தாம் வளர்த்ததைத் தகுதியுடையவரிடம் ஒப்படைக்கும் பற்றின்மை அவரிடம் இருந்தது.

இறுதிக் காலம்

1962இல் விண்வெளி ஆய்வுக் குழுவின் தலைமையை ஏற்றார். 1963 நவம்பர் 21இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. ஹோமி பாபா மறைந்தபின் 1966இல் அணுசக்தி ஆணையத்தின் பொறுப்பும் அவரிடம் வந்தது. ஓய்வறியாது உழைத்த அவர், 1971 டிசம்பர் 30ஆம் நாள் கோவளத்தில் தம் ஐம்பத்திரண்டாம் வயதில் உறக்கத்திலேயே இயற்கை எய்தினார்.

பிற்காலத்தில், 1980களில், அகமதாபாத்தின் பெரும் ஆலைகள் பல மூடப்பட்டன. பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்விழந்தன. மாறிய சந்தையும் பழைய எந்திரங்களும் காரணமாயின. அறிவியல் ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால் போதாது. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக அளக்கவும், அளந்து கண்டதன்படி நடக்கவும் வேண்டும் என்பதற்கு அவ்வீழ்ச்சி சான்றாகிறது.

சிறு கடையாயினும் பேராலையாயினும், கணக்கை உள்ளபடி எழுதுதல், பழக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்தல், உழைப்பவரின் சொல்லுக்குச் செவி கொடுத்தல் என்னும் மூன்றையும் விக்ரம் சாராபாய் தம் வாழ்வால் கற்பித்தார். செலவின்றிக் கைக்கொள்ளத்தக்கவை இவை. நம் இல்லத்து இளைஞர்கள் தாம் பணிபுரியும் இடங்களில் இவற்றைப் பேணுவார்களாயின், தொழிலும் வளரும். அதனை நம்பி வாழ்வோரும் வாழ்வர்.