தபால் மூட்டையுடன் பறந்து வந்த டாட்டா

1932-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி, சனிக்கிழமை. பகல் 1 மணி 50 நிமிடத்துக்குப் பம்பாய் ஜூஹூவில் ஒரு குட்டி விமானம் வந்து இறங்கியது. அன்று காலை 6-35-க்குக் கராச்சியில் கிளம்பிய விமானம் அது. ஓட்டி வந்தவருக்கு வயது 28. அவரைத் தவிர உள்ளே வேறு ஆள் கிடையாது. 55 பவுண்டு எடையுள்ள தபால் மூட்டை மட்டும் இருந்தது. நம் கணக்கில் 25 கிலோ. ஊரிலிருந்து திரும்பும்போது ஒருவர் தோளில் சுமந்து வரும் அரிசி மூட்டை அளவுதான்.

பம்பாய்க்கு உரிய தபாலை இறக்கிவிட்டு, சென்னைக்கு உரியதைப் பக்கத்தில் தயாராக நின்ற இன்னொரு விமானத்தில் ஏற்றினார்கள். அதை நெவில் வின்சென்ட் என்பவர் ஓட்டிப் போனார். இரவு பல்லாரியில் தங்கி, மறுநாள் சென்னை போய்ச் சேர்ந்தார். பிற்காலத்தில் ஏர் இந்தியா என்று உலகம் சுற்றிய கம்பெனியின் முதல் நாள் அது. கராச்சியிலிருந்து ஓட்டி வந்தவர் ஜே. ஆர். டி. டாட்டா.

ஐரோலி, வாஷி பக்கம் இருப்பவர்களுக்கு 2025-ல் திறக்கப்பட்ட நவி மும்பை விமான நிலையம் தெரியும். அதை மனதில் வைத்துக்கொண்டு அன்றைய ஜூஹூவைக் கற்பனை செய்யக் கூடாது. ஜூஹூவில் அப்போது இருந்தது கடலோரத்து மண் திடல். ஓரத்தில் ஓலை வேய்ந்த கொட்டகை. மழைக்காலம் வந்தால் திடல் சேறாகிவிடும்; நாலு மாதம் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு புனாவுக்குப் போக வேண்டும். விமானத்தில் ரேடியோ கிடையாது. தரையிலிருந்து வழி சொல்லவும் யாரும் இல்லை. கீழே தெரியும் ஆற்றையும் ரயில் பாதையையும் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். வழியில் ஆமதாபாத்தில் இறங்கியபோது, பர்மா ஷெல் கம்பெனி பெட்ரோல் டின்களை மாட்டு வண்டியில் கொண்டு வந்து கொடுத்தது.

பட்டம் பெறாத முதலாளி

ஜெஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா 1904 ஜூலை 29-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை ஆர். டி. டாட்டா, டாட்டா கம்பெனியின் பங்காளிகளில் ஒருவர். தாயார் சூஸான், பிரெஞ்சு மாது. கல்யாணத்துக்குப் பிறகு சூனி என்று பெயர் மாற்றிக்கொண்டார்.

கோடை விடுமுறைக்கு இந்தக் குடும்பம் பிரான்சின் வடகடலோரத்தில் உள்ள ஹார்டெலோ என்ற ஊருக்குப் போகும். அங்கே அண்டை வீட்டுக்காரர் யார் தெரியுமா? 1909-ல் இங்கிலீஷ் கால்வாயை முதன்முதலாக விமானத்தில் தாண்டிய லூயி பிளேரியோ! கடற்கரை மணலில் விமானங்கள் இறங்கி ஏறுவதைப் பார்த்தே வளர்ந்த பையன், 15-வது வயதில் அந்த மணலிலிருந்தே முதல் தடவையாக விமானத்தில் ஏறினான். அன்றே தானும் விமானி ஆவதென்று முடிவு செய்துவிட்டான்.

ஆனால் படிப்பு நினைத்தபடி அமையவில்லை. 1923-ல் தாயார் இறந்தார். பிரெஞ்சுச் சட்டப்படி ஓராண்டு ராணுவத்தில் குதிரைப் படையில் சேவை செய்தார். இன்னும் சில காலம் அங்கேயே இருக்க ஆசைப்பட்டார், தந்தை சம்மதிக்கவில்லை. அவர் விலகி வந்த கொஞ்ச நாளில் அந்தப் படைப்பிரிவு மொராக்கோ சண்டையில் அழிந்து போயிற்று. கேம்பிரிட்ஜ் சென்று என்ஜினீயரிங் படிக்கும் ஆசையையும் தந்தை தடுத்து, 1925 கடைசியில் பம்பாய் ஆபீசில் சம்பளமில்லாத அப்ரெண்டிசாக உட்கார வைத்தார். மறு வருஷமே தந்தை காலமானார். குடும்பப் பொறுப்பு முழுவதும் 22 வயதுப் பிள்ளை தலையில் விழுந்தது. அப்புறம் காலேஜுக்கு ஏது நேரம்? பல்லாயிரம் என்ஜினீயர்களுக்கு வேலை கொடுத்தவர் கடைசிவரை ஒரு டிகிரி வாங்கவில்லை. அந்தக் குறை அவருக்கு எப்போதும் இருந்தது.

பம்பாயில் பிளையிங் கிளப் ஆரம்பித்ததும் அதில் சேர்ந்தார். பயிற்சியாளருடன் மூன்றரை மணி நேரம் பறந்த பிறகு தனியே ஓட்டத் தொடங்கிவிட்டார். 1929 பிப்ரவரி 10-ந் தேதி இந்தியாவில் வழங்கப்பட்ட முதலாம் நம்பர் விமானி லைசென்ஸ் அவருக்குக் கிடைத்தது.

அடுத்த வருஷம் ஒரு பந்தயம். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகாகான் அறிவித்தார். டாட்டா கராச்சியிலிருந்து கிளம்பினார். ஆஸ்பி என்ஜினீயர் என்ற 17 வயதுப் பையன் எதிர்த்திசையில் இங்கிலாந்திலிருந்து வந்தான். இருவரும் எகிப்தில் அபூகிர் என்ற இடத்தில் சந்தித்தார்கள். ஸ்பார்க் பிளக் இல்லாமல் பையன் தவித்துக்கொண்டிருந்தான். டாட்டா தன்னிடம் உபரியாக இருந்ததைக் கொடுத்துவிட்டுத் தன் வழியே போனார். பந்தயத்தில் ஜெயித்தது அந்தப் பையன்தான். பிற்காலத்தில் இந்திய விமானப் படைத் தலைமைத் தளபதியாக இருந்த ஏர் மார்ஷல் என்ஜினீயர் அவரே.

இரண்டு லட்சமும் இரண்டு விமானமும்

தபால் சர்வீஸ் யோசனை டாட்டாவுடையது அல்ல, வின்சென்டுடையது. தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்தவர், ஊர் ஊராக விமானத்தைக் கொண்டுபோய் ஜனங்களை ஏற்றிக் காட்டிப் பிழைத்தவர். லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் தபால் கராச்சியோடு நின்றுவிடுகிறது, அங்கிருந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் நாம் கொண்டுபோகலாமே என்று 1929-ல் டாட்டாவிடம் திட்டத்தோடு வந்தார். கம்பெனித் தலைவர் சர் தோராப்ஜி டாட்டாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. டாட்டாவுக்கு ஆபீஸ் வேலை கற்றுக்கொடுத்த ஜான் பீட்டர்சன்தான் பெரியவரைச் சம்மதிக்க வைத்தார். போட்ட முதல் 2 லட்சம் ரூபாய். வாங்கியவை, ஒற்றை என்ஜின் வைத்த 'புஸ் மாத்' விமானங்கள் இரண்டு.

சர்க்காரிடம் மானியம் கேட்கவில்லை. சுமக்கும் தபாலின் எடைக்குத் தக்க கூலி போதும் என்றார்கள். அப்படியும் ஒப்பந்தம் கையெழுத்தாக 1932 ஏப்ரல் வரை இழுத்தடித்தது.

ரயில்வேக்காரர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். பம்பாய் மெயில் ஜி.ஐ.பி. பாதையில் ராய்ச்சூர் வந்து, அங்கிருந்து எம்.எஸ்.எம். பாதையில் சென்னைக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததே, நடுவழியில் பல்லாரியில் படுத்துத் தூங்கிவிட்டுப் போகும் விமானத்தால் என்ன பெரிய லாபம்? பம்பாய் - சென்னை வரைக்கும் பார்த்தால் லாபம் பெரிதில்லைதான். கராச்சியிலிருந்து கணக்குப் போட்டால்தான் விஷயம் விளங்கும். கராச்சியில் விடிந்ததும் ஏற்றிய கடிதம் மறுநாளே சென்னையில். லண்டன் கடிதத்துக்குக் கப்பலை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த சென்னை வியாபாரிக்கு அது பெரிய காரியம்.

முதல் வருஷம் 1 லட்சத்து 60 ஆயிரம் மைல் பறந்தார்கள். 155 பிரயாணிகளும் போனார்கள். தபால் மூட்டைக்குத்தான் முதல் மரியாதை. இடம் மிச்சமிருந்தால் ஆளுக்கு. லாபம் 60 ஆயிரம் ரூபாய். மலையும் மழையுமாக இருந்த மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேலே வருஷம் முழுவதும் நேரம் தவறாமல் ஓட்டினார்கள். சிவில் விமான இலாகாவே தன் அறிக்கையில் இதைப் பாராட்டி எழுதியது.

1935-ல் திருவனந்தபுரம், 1937-ல் டில்லி, 1938-ல் திருச்சி வழியாகக் கொழும்பு என்று சர்வீஸ் நீண்டது. அந்த 1938-ல்தான் டாட்டா கம்பெனி முழுவதுக்கும் அவர் சேர்மன் ஆனார். வயது 34. இரும்பு, ரசாயனம், மோட்டார் என்று அவர் நடத்திய மற்றத் தொழில்களைச் சொல்லப் புகுந்தால் இந்தப் பக்கம் போதாது. யோசனையைக் கொண்டுவந்த வின்சென்ட், பாவம், 1942-ல் யுத்த வேலையாக இங்கிலாந்து போய்த் திரும்பும்போது விமானத்தோடு மறைந்துபோனார்.

1946-ல் கம்பெனிக்கு ஏர் இந்தியா என்று பெயர் வைத்தார்கள். 1948 ஜூன் 8-ந் தேதி இரவு 'மலபார் பிரின்சஸ்' என்ற விமானம் 35 பிரயாணிகளுடன் கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குக் கிளம்பியது. டாட்டாவும் அதில் இருந்தார். அதே விமானம் 1950 நவம்பர் 3-ந் தேதி ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங்க் சிகரத்தில் மோதி, 48 பேர் இறந்தார்கள். இறந்த பிரயாணிகளில் பெரும்பாலோர் கப்பலில் வேலைக்குச் சேரப் போன இந்திய மாலுமிகள். வயிற்றுப் பிழைப்புக்காகக் கிளம்பியவர்கள்.

எல்லாவற்றிலும் டாட்டா சொன்னதே சரி என்றும் சொல்ல முடியாது. 1949-ல் மந்திரி ரபி அகமது கித்வாய் இரவு விமானத் தபாலைக் கொண்டுவந்தார். பம்பாய், சென்னை, கல்கத்தா, டில்லி நான்கு ஊர் விமானங்களும் நடுநிசியில் நாகபுரியில் கூடி, தபால் பைகளை மாற்றிக்கொண்டு திரும்பும். டாட்டா இதைக் கடுமையாக எதிர்த்தார். நஷ்டக் கணக்கு, இரவில் இறங்கும் வசதிக் குறைவு என்று அவர் சொன்ன காரணங்களில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்த வருஷமே சாதாரணக் கடிதங்களும் கூடுதல் கட்டணமில்லாமல் விமானத்தில் போகத் தொடங்கின. மாதுங்காவிலும் தாராவியிலும் இருந்து ஊருக்குக் கடிதம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர்களுக்கு அதனால் கிடைத்த நன்மையைக் கணக்கில் சேர்க்காமல் விட முடியுமா?

இரண்டு உத்தரவுகள்

1953 ஆகஸ்டு 1-ந் தேதி எல்லா விமானக் கம்பெனிகளையும் சர்க்கார் எடுத்துக்கொண்டது. ஏர் இந்தியாவுக்குக் கொடுத்த நஷ்ட ஈடு 2 கோடியே 80 லட்சம் ரூபாய். முடிவு செய்த பிறகுதான் டாட்டாவைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். பிரதமர் நேரு நெருங்கிய நண்பர். அவரும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற வருத்தம் டாட்டாவுக்கு இருந்தது. அதை நேருவிடமே தெரிவித்தார்.

வேறொருவராக இருந்தால் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு ஒதுங்கியிருப்பார். வெளிநாட்டு சர்வீசுக்குச் சேர்மனாக இருக்கும்படி சர்க்கார் கேட்டபோது டாட்டா சரி என்றார். சம்பளம் வாங்கவில்லை. இருபத்தைந்து வருஷம் அப்படியே வேலை பார்த்தார்.

வேலை என்றால் போர்டு மீட்டிங்குக்கு வந்து கையெழுத்துப் போடுவது அல்ல. எங்கே பிரயாணம் செய்தாலும் கையில் நோட்டு இருக்கும். நாற்காலி சரியாகச் சாய்கிறதா, திரைச்சீலை அழுக்கா, டீயும் காபியும் ஒரே நிறத்தில் வருகிறதே ஏன் என்றெல்லாம் குறித்துக்கொண்டு வந்து, சம்பந்தப்பட்ட அதிகாரிக்குக் கடிதம் எழுதிவிடுவார். கழிவறைத் தொட்டி அழுக்காக இருந்தால் தாமே துடைத்துவிட்டு வருவார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். அவர் நடந்து வரும்போது அதிகாரிகளுக்கு உதறல் எடுத்திருக்கும்! 1962-ல் விமானங்கள் எல்லாமே ஜெட் என்ற நிலைக்கு உலகத்திலேயே முதலில் வந்த கம்பெனி ஏர் இந்தியா. 1971-ல் ஜம்போ வந்தது.

1978 புத்தாண்டு தினத்தன்று அந்த முதல் ஜம்போ, 'எம்பரர் அசோகா', துபாய்க்குக் கிளம்பிய சில நிமிடங்களில் பாந்திரா கடலில் விழுந்தது. 213 பேரும் இறந்தார்கள். பம்பாயில் பழைய ஆட்களுக்கு அந்த இரவு மறந்திருக்காது.

அடுத்த மாதமே டாட்டாவைச் சேர்மன் பதவியிலிருந்து மொரார்ஜி தேசாய் சர்க்கார் நீக்கியது. அந்தச் செய்தியும் அவருக்கு நேராக வரவில்லை. அவர் இடத்துக்கு வரவிருந்த, முன்னாள் விமானப் படைத் தளபதி பி. சி. லால் சொல்லித்தான் தெரிந்தது. சர்க்கார் கடிதம் அப்புறம்தான் வந்தது. உத்தரவு மேஜைக்கு வருமுன் அடுத்தவர் வாயால் மாற்றல் செய்தி கேட்டவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. ஆனால் கம்பெனியைத் தொடங்கி 46 வருஷம் காத்தவருக்கும் அதே கதி என்பதுதான் மனதை உறுத்துகிறது. மானேஜிங் டைரக்டர் கே. ஜி. அப்புசாமி இதைக் கண்டித்து ராஜினாமா செய்தார். 1980-ல் இந்திரா காந்தி சர்க்கார் டாட்டாவைத் திரும்ப அழைத்தது. சேர்மனாக அல்ல, போர்டு மெம்பராக. அதற்கும் அவர் போனார்.

1982 அக்டோபர் 15-ந் தேதி, முதல் சர்வீசின் பொன்விழா. 78 வயது டாட்டா, 1930-களில் செய்த 'லெப்பர்ட் மாத்' என்ற பழைய விமானத்தில் தனியாக ஏறிக் கராச்சியில் கிளம்பினார். அதே வழியில் ஆமதாபாத்தில் இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொண்டு, ஜூஹூ வந்து சேர்ந்தார். சுற்றி இருந்தவர்கள் பயந்தார்கள். அவர் பயப்பட்டதாகத் தெரியவில்லை. நாட்டில் ஊக்கம் குறைந்துவிட்டது, இளைஞர்கள் இதைப் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம்.

1992-ல் பாரத ரத்னா கொடுத்தார்கள். 1993 நவம்பர் 29-ந் தேதி ஜெனீவாவில் காலமானார். பிறந்த ஊரான பாரிசில் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

கடனில் மூழ்கிய ஏர் இந்தியாவைச் சர்க்கார் 2021-ல் ஏலம் விட்டது. டாட்டா கம்பெனி கேட்ட விலை 18 ஆயிரம் கோடி ரூபாய். அதில் ரொக்கம் 2,700 கோடி, மீதி 15,300 கோடி கடன் பொறுப்பு. 2022 ஜனவரி 27-ந் தேதி விமானங்கள் கைமாறின.