மறுக்கப்பட்டவர் திறந்த வாயில்

முத்துக்குளித்துறையின் வரலாற்றில் மறக்கவொண்ணாப் பெயர்களுள் ஒன்று அண்டிரிக் அடிகளார் என்பது. போர்ச்சுக்கல் நாட்டின் வில விசோசாவில் 1520ஆம் ஆண்டளவில் பிறந்த என்றிக்கே என்றிக்கசுக்குத் தமிழ் மண் சூட்டிய பெயர் அது. அச்சுத் தமிழின் தந்தையென அவரைப் போற்றுவோர் பலர். பிறப்பின் பெயரால் அவர் உற்ற இழிவை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

யூத மரபினர் என்பதனால் பிரான்சிஸ்கன் துறவுச் சபையில் அவருக்கு இடமில்லாது போயிற்று. பின்னர்க் கோயிம்பிராவில் பயின்ற அவரை, அந்நாளில் பிறப்பைத் தடையாகக் கொள்ளாத இயேசு சபை 1545இல் ஏற்றது. 1546இல் கோவாவை அடைந்தவர், மறு ஆண்டே பரதவர் வாழும் இக்கடற்கரைக்கு வந்தார். 1549இல் அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்டபின் இத்துறையின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது; 1576 வரை அதனைச் சுமந்தார்.

துபாஷியின் வாய்வழியே பேசுவது அவருக்கு ஒப்பவில்லை. முத்துக் குளிப்போரிடமும் வலை வீசுவோரிடமும் செவி தாழ்த்தித் தமிழ் கற்றார். தாம் கேட்ட பேச்சு வழக்கைப் பெரிதும் தழுவி, போர்ச்சுக்கீசிய மொழியில் ஓர் இலக்கணமும் வரைந்தார். ஏட்டில் ஏறாத மீனவர் மொழி இலக்கணப் பொருளாயிற்று. 1578இல் கொல்லத்தில் 16 பக்க அளவில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. 1586இல் ‘அடியார் வரலாறு’ வெளிவந்தது. இவ்வச்சுப் பணிக்குப் பரதவர் பொருளுதவி புரிந்தனர். நோக்கம் சமயப் பரப்பே. ஆயினும் விளைந்த பயன் சமயத்தின் எல்லையைக் கடந்தது.

புன்னைக்காயலிலோ மன்னாரிலோ தமிழுக்கென ஒரு பல்கலைக்கழகம் அமைய வேண்டுமென்றும் அவர் விழைந்தார். அக்கனவு நனவாகவில்லை.

அவர் சார்ந்த சபையும் குறையற்றதன்று. கொல்லத்து அந்தணரான பேரோ லூயிசுக்கு 1575இல் அங்கு இடம் கிடைத்தது. பொருள் ஈந்த பரதவருக்குக் கிடைக்கவில்லை. அடிகளார் உயிரோடிருக்கையிலேயே, 1593இல், யூத மரபினரை இனிச் சேர்ப்பதில்லையென அச்சபை விதி செய்தது. நாற்பதாண்டுகளுக்கு மேலாக உழைத்த முதியவரின் பிறப்பே மீண்டும் குற்றமாயிற்று. அவ்விதி முற்றிலும் நீங்கியது 1946இல். அவரோ இத்துறையை விட்டு அகலாது 1600இல் மறைந்தார். தூத்துக்குடி மண்ணில் துயில்கிறார்.

‘அடியார் வரலாறு’ நூலை 1967இல் இராசமாணிக்கம் அடிகளார் தூத்துக்குடியிலிருந்து மீண்டும் பதிப்பித்தார். இலக்கண நூல் 2013இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

இன்று பல்கலைக்கழகத் துறைகளில் சமத்துவம் பேசப்படும்போது, யாருக்கு இருக்கை என்னும் வினாவே முதலில் எழுகின்றது. அது வேண்டுவதே. இருக்கை பெற்றவரின் வீட்டு மொழி பாடத்தில் இடம்பெறுமா என்பது அதனோடு பிறக்கும் இரண்டாம் வினா. அடிகளாரின் வாழ்வு இவ்விரண்டையும் நம்முன் வைக்கின்றது. முதல் வினாவுக்கு அவர் காலம் விடை மறுத்தது. இரண்டாவதற்கு அவரே விடையானார். சொல்லைத் தொழிலாகக் கொண்ட பாவலர்க்கு அவ்விடை ஒரு கடமையுமாகும்.