காக்கிராஃப்டின் வீண் கோபுரங்கள்

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் சீஸ்கேல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஐரிஷ் கடலைப் பார்த்து நின்றுகொண்டு வலப்பக்கம் திரும்பினால் செல்லாஃபீல்டு அணுசக்தி வளாகம் கண்ணில் படும். 1990 களின் தொடக்கத்தில் நான் முதன்முதலாக அங்கே போனபோது, மற்றக் கட்டடங்களை எல்லாம் மிஞ்சிக்கொண்டு இரண்டு புகைபோக்கிகள் நின்றன. சாதாரணப் புகைபோக்கி மேலே போகப் போக ஒடுங்கும். இவையோ உச்சியில் அகன்று, தலைச்சுமையோடு நிற்கும் கூலியாட்களைப் போலத் தோன்றின. அந்தச் சுமையை அங்கே ஏற்றி வைத்த மனிதரின் கதைதான் இது.

அவர் பெயர் ஜான் டக்ளஸ் காக்கிராஃப்ட். அணுவைப் பிளந்த இருவரில் ஒருவர் என்று பாடப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். எனக்கு அவர்மேல் பற்று வந்ததற்குக் காரணம் அதுவல்ல. ஓர் அணுசக்தி நிலையத்தில் (பெயர் இங்கே வேண்டாம்) வெளியேறும் காற்றையும் கழிவு நீரையும் கண்காணிக்கும் சிறு குழுவுக்குப் பல ஆண்டுகள் நான் தலைவனாக இருந்தேன். புகைபோக்கியில் பொருத்திய வடிதாளை வாரந்தோறும் எடுத்து எண்ணுவோம். சுற்றுவட்டாரத்துப் புல், பால், கடற்கரைச் சிப்பி எல்லாவற்றையும் அளப்போம். பெரும்பாலும் பதிவேட்டில் ஏறுவது பூஜ்யத்தை ஒட்டிய எண்கள்தாம். ஒரு வருடம் வரவு செலவுக் கூட்டத்தில் மேலதிகாரி ஒருவர், பூஜ்யம் எழுதுவதற்கு இத்தனை பேர் எதற்கு என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்றிரவு வீட்டுக்கு வந்து காக்கிராஃப்டின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நெசவாலைக் குடும்பத்துப் பிள்ளை

காக்கிராஃப்ட் 1897 மே 27 ஆம் தேதி யார்க்‌ஷயர் எல்லையில் உள்ள டாட்மார்டன் என்ற மலையடிவார ஊரில் பிறந்தார். பஞ்சாலைத் தொழில் செய்த குடும்பம். ஐந்து ஆண் மக்களில் மூத்தவர். மான்செஸ்டர் பல்கலைக் கழகத்தில் கணிதம் படிக்கச் சேர்ந்த சிறிது காலத்தில் முதல் உலகப் போர் அவரை இழுத்துக்கொண்டது. பீரங்கிப் படையில் சமிக்ஞைப் பணியாளராக மேற்குப் போர்முனையில் இருந்து உயிரோடு திரும்பினார். அதன்பின் மின்பொறியியல் கற்று, மெட்ரோபாலிடன்-விக்கர்ஸ் தொழிற்சாலையில் பயிற்சி பெற்று, மறுபடியும் கணிதம் படிக்க கேம்பிரிட்ஜ் போனார். கணிதமும் தொழிற்சாலை அனுபவமும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்தது பின்னாளில் பெரிதும் பயன்பட்டது.

கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வகத்தின் தலைவர் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு. அங்கே காக்கிராஃப்டும் அயர்லாந்துக்காரர் எர்னஸ்ட் வால்டனும் சேர்ந்து, புரோட்டான்களை உயர் மின்னழுத்தத்தில் முடுக்கும் கருவி ஒன்றை அமைத்தார்கள். 1932 ஏப்ரல் 14 ஆம் தேதி அந்தப் புரோட்டான்கள் லிதியம் அணுக்கருவைத் தாக்கி, அதை இரண்டு ஹீலியம் அணுக்கருக்களாக உடைத்தன. மனிதர் செயற்கையாக முடுக்கிய துகள்களால் அணுக்கரு பிளந்தது அதுவே முதல் தடவை. அதற்கான நோபெல் பரிசு பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1951 இல் இருவருக்கும் கிடைத்தது.

அவர் அதிகம் பேசாதவர். கையடக்கமான கறுப்புக் குறிப்பேடு ஒன்றில் பொடி எழுத்தில் குறித்துக்கொள்வார், குறித்தது நடந்துவிடும். அவரோடு பணியாற்றியவர்கள் இந்தப் பழக்கத்தைத் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

கனடாவிலிருந்து ஹார்வெல்லுக்கு

இரண்டாம் உலகப் போரில் ரேடார் பணிகளில் ஈடுபட்ட அவர், 1944 இல் கனடாவின் மான்ட்ரியால் ஆய்வகத்துக்குத் தலைவரானார். அவர் மேற்பார்வையில் சாக் ரிவரில் எழுந்த ஸீப் என்ற சிறு அணு உலை 1945 செப்டம்பர் 5 ஆம் தேதி இயங்கத் தொடங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே இயங்கிய முதல் அணு உலை அது. அடுத்து அங்கே உருவானது 1947 இல் இயங்கிய என்.ஆர்.எக்ஸ். அந்த உலையின் மாதிரியைத் தழுவித்தான் பம்பாய் டிராம்பேயில் 1960 இல் சைரஸ் ஆய்வு உலை இயங்க ஆரம்பித்தது. 2010 இல் மூடப்படும் வரை இந்திய அணுவியலாளர் பலருக்கு அதுவே பள்ளிக்கூடம்.

1946 இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே ஹார்வெல் விமான தளத்தில் பிரிட்டிஷ் அணுசக்தி ஆய்வு நிலையத்தைக் காக்கிராஃப்ட் உருவாக்கினார். 1958 வரை அதன் இயக்குநர் அவரே. ஹார்வெல்லின் கழிவு நீர் சுத்திகரிக்கப்பட்டுப் போய்ச் சேர்ந்தது தேம்ஸ் நதியில். கீழே அதே நதியிலிருந்துதான் லண்டன் மாநகர் குடிநீர் எடுத்தது. தம் குழாயிலிருந்து போகும் ஒவ்வொரு வாளி நீரும் யாரோ ஒருவரின் தேநீர்க் கோப்பைக்குப் போகக்கூடும் என்பது ஹார்வெல்காரர்களுக்குத் தெரியும். இந்தத் தொழிலில் இருந்த எனக்கு, அப்படி ஓர் இடத்தின் தலைவர் எப்படிச் சிந்திக்கப் பழகியிருப்பார் என்பது புரிகிறது.

புகைபோக்கியின் உச்சியில்

போருக்குப்பின் பிரிட்டன் தனக்கென்று அணுகுண்டு செய்ய முடிவெடுத்தது. அதற்கான புளுட்டோனியத்தை ஆக்க, அன்றைய கம்பர்லாந்துக் கரையில் வின்ட்ஸ்கேல் என்ற இடத்தில் இரண்டு அணு உலைகள் கட்டப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2000 டன் கிராஃபைட். அதில் துளைத்த ஆயிரக்கணக்கான கால்வாய்களில் அலுமினிய உறையிட்ட யுரேனிய எரிகோல்கள். அவற்றைக் குளிர்விக்கும் முறை மிக எளிமையானது. பெரிய விசிறிகள் வெளிக்காற்றை உள்ளே தள்ளும். சூடான காற்று உலையைக் கடந்து, சுமார் 120 மீட்டர் உயரமான புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும்.

அந்த எளிமையில்தான் ஆபத்து இருந்தது. ஒரே ஓர் எரிகோலின் உறை கிழிந்து யுரேனியம் எரிந்தாலும், அதன் கதிரியக்கத் தூசி நேரே வயல்வெளிக்குப் போய்விடும். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் போயிருந்த காக்கிராஃப்ட், அங்கேயுள்ள காற்றுக் குளிர்ச்சி உலையைச் சுற்றிக் கதிரியக்கத் துணுக்குகள் தரையில் காணப்பட்டதாகக் கேள்விப்பட்டார். திரும்பி வந்ததும் வின்ட்ஸ்கேல் புகைபோக்கிகளுக்கு வடிகட்டிகள் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

அதற்குள் புகைபோக்கிகள் எழ ஆரம்பித்துவிட்டன. நியாயமாக வடிகட்டியை அடியில் வைக்க வேண்டும். அங்கே இருந்தால் ஆள் போய் மாற்றுவது சுலபம். அதற்கு இனி வழியில்லை. ஆகவே எஃகும் காங்கிரீட்டும் கருவிகளும் அந்த உயரத்துக்கு ஏற்றப்பட்டு, உச்சியிலேயே பெரிய வடிகட்டிக் கூடங்கள் கட்டப்பட்டன. செலவு ஏறியது, வேலை சுணங்கியது, பொறியியலாளர்கள் எரிச்சலடைந்தார்கள். ஆங்கிலத்தில் ஃபாலி என்றால் மடத்தனம். செல்வந்தர்கள் அழகுக்காகத் தோட்டத்தில் கட்டி வைக்கும் உபயோகமற்ற கோபுரத்துக்கும் அதே பெயர். இரண்டு பொருளும் பொருந்த அந்தக் கூடங்களுக்குக் காக்கிராஃப்டின் ஃபாலி என்று கேலிப் பெயர் வந்தது. என் மொழியில் சொன்னால், காக்கிராஃப்டின் வீண் கோபுரங்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஓக் ரிட்ஜ் துணுக்குகள் அணு உலையிலிருந்து வந்தவை அல்ல, பக்கத்து வேதியியல் ஆலையிலிருந்து வந்தவை என்று பிறகு தெரிந்தது. அதாவது காக்கிராஃப்ட் எடுத்த முடிவுக்கு ஆதாரமாக இருந்த செய்தியே பிழை! கேலி செய்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆனாலும் வடிகட்டிகள் அங்கேயே இருந்தன. செய்தி பிழையாக இருக்கலாம். அது எழுப்பிய அச்சம் பிழையாக இருக்கவில்லை. முதல் உலை 1950 அக்டோபரிலும் இரண்டாவது 1951 இலும் இயங்கின. சில ஆண்டுகளிலேயே சில எரிகோல்கள் தவறி வெளிக்காற்றுப் பாதையில் விழுந்து மக்கி, அவற்றின் துணுக்குகள் சுற்றுப்புறத்தில் தென்பட்டன.

1957 அக்டோபர்

கிராஃபைட் நியூட்ரான் அடிபட அடிபடத் தன்னுள் சக்தியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதை அவ்வப்போது சூடாக்கி மெல்ல வெளியேற்ற வேண்டும். 1957 அக்டோபர் 7 ஆம் தேதி முதல் உலையில் அந்த வேலை துவங்கியது. போதுமான வெப்பமானிகள் இல்லாமல், உள்ளே நடப்பதைச் சரியாக அறியாமல், அடுத்த நாள் இரண்டாம் முறையும் சூடேற்றினார்கள். 10 ஆம் தேதி புகைபோக்கியில் கதிரியக்கம் உயர்ந்தது. அடைப்பைத் திறந்து பார்த்தபோது எரிகோல்கள் செக்கச் செவேலென்று ஜொலித்தன. உலை தீப்பற்றியிருந்தது.

துணை மேலாளர் டாம் டூயி உலையின் உச்சிக்கு மீண்டும் மீண்டும் ஏறி நெருப்பைப் பார்த்து வந்தார். கரியமில வாயு பலிக்கவில்லை. வெடித்துவிடுமோ என்ற பயத்தோடு 11 ஆம் தேதி காலையில் தண்ணீர் பாய்ச்சினார்கள். விசிறிகளையும் நிறுத்திய பிறகே தீ அடங்கியது.

அந்த நேரமெல்லாம் எரிந்த யுரேனியத்தின் தூசி மேலே போய்க்கொண்டிருந்தது. அதில் பெரும்பகுதியை வீண் கோபுரங்கள் பிடித்து வைத்தன. அவை இல்லாதிருந்தால் வட இங்கிலாந்தின் வயல்களும் ஏரிகளும் என்ன ஆகியிருக்கும் என்பதை, 1986 இல் செர்நோபிலைப் பார்த்த நம் தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் வடிகட்டி எல்லாவற்றையும் தடுத்துவிட்டது என்று எழுதினால் அது பொய். அது தூசிக்காகச் செய்தது; ஐயோடின்-131 ஆவியாகத் தப்பிவிட்டது. அன்றைய கணிப்பு சுமார் 20,000 கியூரி. பிந்தைய ஆய்வுகள் அதற்கும் மேல் என்கின்றன. பொலோனியம்-210 உம் வெளியேறியது. ஐயோடின் புல்லில் படிந்து, பசுவின் பாலில் இறங்கி, குழந்தைகளின் தைராய்டு சுரப்பிக்குப் போகும். பாலில் எவ்வளவு இருந்தால் ஆபத்து என்று முன்கூட்டி வரையறுத்த அளவு எதுவும் இல்லை. கண்காணிப்புக் குழுவினர் இரவோடிரவாகக் கணக்குப் போட்டு, லிட்டருக்கு ஒரு மைக்ரோகியூரியில் பத்தில் ஒரு பங்கு என்று முடிவு செய்தார்கள். ஏறத்தாழ 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் பால் விற்பனை தடுக்கப்பட்டு, வாரக்கணக்கில் பால் கீழே கொட்டப்பட்டது. அந்த விபத்தால் ஏறத்தாழ 240 பேர் புற்றுநோய்க்கு ஆளாகியிருக்கலாம் என்பது பின்னாளைய மதிப்பீடு. விசாரணைக் குழுவின் முழு அறிக்கையைப் பிரதமர் மேக்மில்லன் வெளியிட விடவில்லை. முப்பது ஆண்டு கடந்து 1988 இல்தான் அது மக்கள் பார்வைக்கு வந்தது.

கடைசி ஆண்டுகள்

காக்கிராஃப்டை மகானாக்க எனக்கு விருப்பமில்லை. தீ அணைந்து மூன்று மாதத்தில், ஸீட்டா என்ற ஹார்வெல் கருவியில் அணுப்பிணைவு நிகழ்ந்திருப்பது தொண்ணூறு சதவீதம் உறுதி என்று பத்திரிகையாளர்களிடம் சொல்லி, சில மாதங்களில் அதைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. வின்ட்ஸ்கேல் உலைகள் கட்டப்பட்டதே குண்டுக்காக. அந்தத் திட்டத்தில் அவருக்கும் பங்குண்டு. 1959 இல் கேம்பிரிட்ஜ் சர்ச்சில் கல்லூரியின் முதல் தலைவரான அவர், 1967 செப்டம்பர் 18 ஆம் தேதி அக்கல்லூரி இல்லத்திலேயே மாரடைப்பால் காலமானார்.

சில ஆண்டுகளுக்கு முன் கேம்பிரிட்ஜில் அசென்ஷன் இடுகாட்டுக்குப் போயிருந்தேன். சிறு வயதிலேயே இறந்துபோன மூத்த மகன் டிமதியைப் புதைத்த அதே குழியில்தான் காக்கிராஃப்டும் கிடக்கிறார். வின்ட்ஸ்கேலைச் சுற்றிப் பால் குடித்து வளர்ந்த குழந்தைகளுக்கும் அந்தக் கல்லறைக்கும் தொடர்பு கற்பிப்பது என் வேலையல்ல. ஆனாலும் அங்கே நின்றபோது அந்த நினைவைத் தவிர்க்க முடியவில்லை.

கூட்டத்தில் பதில் சொல்லத் தெரியாமல் நின்ற கதைக்கு வருகிறேன். அடுத்த கூட்டத்தில் நான் வாதாடினேன். இரண்டு ஆட்களைக் குறைத்தார்கள்; நான் கேட்ட இரண்டாவது வடிகட்டி வரிசை மூன்று வருடம் தள்ளிப்போய்க் கிடைத்தது. நான் ஓய்வு பெறும்வரை அது ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. காக்கிராஃப்ட் செய்தது சரி என்று ஒரு தீ நிரூபித்தது. எனக்கு அந்த நிரூபணம் கிடைக்கவே இல்லை. கிடைக்காததற்கு நன்றி சொல்கிறேன். வீண் செலவு என்று என் பின்னால் யாராவது இன்னமும் பேசிக்கொண்டிருக்கலாம். பேசட்டும்.

சீஸ்கேல் கரையில் நான் பார்த்த அந்த உச்சிக் கூடங்கள் இப்போது அங்கே இல்லை. கதிரியக்கம் படிந்த பாகங்களைப் பத்திரமாகக் கழற்றி இறக்குவது, கட்டியதைவிடக் கடினமான வேலையாகப் பல ஆண்டுகள் நீண்டது.