மானிப்பாய் மருத்துவர் சாமுவேல் கிறீன்

பிறந்த ஊரின்மீது பற்றுக்கொள்ளுதல் மக்கட்கு இயல்பு. அதனைக் கற்பிக்க ஆசிரியர் ஒருவர் வேண்டுவதில்லை. பிழைக்க வந்த ஊரைத் தம் ஊராகக் கொள்ளுதலோ அத்துணை எளிதன்று. நம் சங்கத்து அன்பருட் பலர் வாணிபத்தின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் பிறவூர்களிற் குடியேறி, அங்கேயே மக்களைப் பெற்று வளர்த்து வருகின்றனர். அவ்வூருக்குத் தாம் செய்யக்கடவது யாது என்னும் வினா அவருள்ளத்தில் ஒருகால் எழாமற் போகாது. அவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்ற பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் வூஸ்டர் என்பது ஓர் ஊர். அவ்வூரைச் சார்ந்த கிறீன்ஹில் என்னும் இடத்தில் 1822-ஆம் ஆண்டு சாமுவேல் பிஸ்க் கிறீன் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தவர். நியூயார்க் நகரில் மருத்துவம் பயின்று 1845-இல் பட்டம் பெற்றார். அந்நகரிலேயே தங்கியிருப்பின் செல்வமும் புகழும் அவரை நாடி வந்திருக்கும். அவரோ அமெரிக்க மிஷன் சங்கத்தாரின் மருத்துவராக 1847-இல் யாழ்ப்பாணம் போந்து, முதலில் வட்டுக்கோட்டையிலும், அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயிலும் பணிபுரியத் தொடங்கினார். அப்பொழுது அவருக்கு வயது ஏறக்குறைய இருபத்தைந்து.

அவர் தம் சமயத்தைப் பரப்பும் நோக்குடன் வந்தவர் என்பதை நாம் மறைக்கவில்லை. சமயத்தில் அவரோடு மாறுபடுவோர் நம்முள் உளர். ஆயினும், நோயாளியின் சமயத்தையோ குலத்தையோ நோக்கி மருந்து அளந்தவரல்லர் அவர். மானிப்பாயில் அவர் நடத்திய மருத்துவசாலையை நாடி நாற்புறத்துக் கிராமங்களினின்றும் மக்கள் வந்தனர். வாந்திபேதி பரவி வீடுதோறும் அழுகுரல் எழுந்த காலங்களிலும் அவர் அம்மக்களை விட்டகலவில்லை.

ஒருவர் இரு கைகளால் ஒரு நாட்டின் நோயனைத்தையும் தீர்த்தல் கூடுமோ? கூடாதென்பதை அவர் விரைவில் உணர்ந்தார். ஆதலின் 1848-ஆம் ஆண்டிலேயே நம்மவரான இளைஞர் சிலரைச் சேர்த்து மேனாட்டு மருத்துவத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். தொடக்கத்திற் கல்வி ஆங்கிலத்தில் நடைபெற்றது. மாணாக்கர் நன்கு கற்றனர், தேர்ச்சியும் பெற்றனர். ஆனால் அவர் எதிர்பாராத விளைவொன்று நேர்ந்தது. ஆங்கிலத்திற் கற்றவர்க்கு அரசாங்க உத்தியோகம் எளிதிற் கிடைத்தது. நல்ல சம்பளத்தை நாடி அவருட் பலர் வெளியூர்களுக்குச் சென்றனர். எந்தக் கிராமங்களுக்காக அவர்களை உருவாக்கினாரோ அந்தக் கிராமங்கள் முன்போலவே மருத்துவரின்றிக் கிடந்தன.

இவ்விடத்திற்றான் கிறீனின் உள்ளன்பு எத்தன்மைத்து என்பது புலனாகின்றது. ஊர்மக்களின் மொழியிற் கற்றவனே ஊரில் நிலைத்து நிற்பான் என்று அவர் துணிந்தார். பத்தாண்டுப் பணிக்குப்பின் 1857-இல் தாய்நாடு சென்ற அவர், மணம் புரிந்துகொண்டு மனைவியாருடன் 1862-இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். பின்னர் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தலானார். இஃது எல்லார்க்கும் உவப்பாயிருந்ததில்லை. ஆங்கிலம் கற்றால் உத்தியோகம் என்றிருந்த காலத்தில், தமிழிற் பயின்று யாது பயன் என்று எண்ணுதல் இயல்பே. அவ்வாறு எண்ணியோரை நாம் குறைகூறோம்; நம் மக்களின் கல்வியைக் குறித்து நாமும் இன்று அவ்வாறே எண்ணுகின்றோம் அல்லமோ? கிறீன் மட்டும் தம் துணிபினின்றும் மாறவில்லை.

தமிழிற் கற்பிக்கத் தமிழில் நூல்கள் வேண்டும். நூல்களுக்குச் சொற்கள் வேண்டும். முதலிரண்டும் அந்நாளில் இல்லை. பிறநாட்டாராகிய அவர் தமிழைப் பயின்று, தம் மாணாக்கருடன் அமர்ந்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடினார். முதலில் தமிழில் உரிய சொல் உண்டோ என்று பார்ப்பர். இல்லையாயின் வடமொழியிற் பார்ப்பர். அங்கும் இல்லையாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு இசையத் திருத்திக்கொள்வர். இங்ஙனம் வெளிவந்தனவே உடற்கூறு கூறும் மனுஷ அங்காதிபாதம், அறுவை மருத்துவம் கூறும் இரணவைத்தியம், பிள்ளைப்பேறு பற்றிய பிரசவ வைத்தியம், நோய்களும் மருந்துகளும் கூறும் வைத்தியாகரம், இரசாயன நூலாகிய கெமிஸ்தம் முதலியன. இவற்றுள் அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872-இல் அச்சேறின. அவர் எழுதியும், மாணாக்கரைக்கொண்டு பெயர்த்துத் தாம் திருத்தியும் வெளியிட்டவை எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கத்திற்கு மேற்படும். அச்சொற்களுட் பல இன்று வழக்கில் இல்லை. எனினும், பின்வந்தோர் தேர்ந்த நல்ல சொற்களுக்கு அடித்தளமிட்ட கைகளுள் அவர் கையும் ஒன்று என்பதை மறத்தல் தகாது.

அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். அவர்கள் உடையிலும் உணவிலும் மேனாட்டாரைப் பின்பற்றுவதை அவர் விரும்பியதில்லை. தம் மக்களினின்றும் வேறுபட்டுத் தோன்றும் மருத்துவனிடம் அம்மக்கள் மனந்திறவார் என்பது அவர் கருத்து. தம்மைப்போல் அவர்களை ஆக்க அவர் முயன்றிலர். அவர்கள் அவர்களாகவே இருந்து உயர்தல் வேண்டுமென விழைந்தார். பிறர்மீது அன்பு செலுத்துவோர் பலர் வழுவுமிடம் இதுவேயன்றோ?

இருமுறையாக இருபதாண்டுகளுக்கு மேல் யாழ்ப்பாணத்தில் உழைத்து உடல் நலிந்தமையால், 1873-இல் அவர் தாய்நாடு திரும்ப நேர்ந்தது. இனி ஓய்ந்திருப்பார் என்று பிறர் எண்ணியிருப்பர். அவரோ தாம் பிறந்த கிறீன்ஹில்லில் இருந்துகொண்டே தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார். சுற்றிலும் தமிழ் அறிந்தார் ஒருவருமில்லாத ஊரில், பனி பெய்யும் நாட்களில், முதியவர் ஒருவர் தமிழேடுகளைப் புரட்டிச் சொல் திருத்திக்கொண்டிருக்கும் காட்சியை அன்பர்கள் மனத்திற் கண்டு பார்ப்பாராக. உடலியல் கூறும் மனுஷ சுகரணம் 1883-இலும், மருந்துப் பொருள்களைப் பற்றிய இந்து பதார்த்த சாரம் 1884-இலும் வெளிவந்தன. அவ்வாண்டு மே மாதத்திலேயே அவர் இறைவனடி சேர்ந்தார். தமிழர்க்கு மருத்துவத் தொண்டு புரிந்தவர் என்னும் கருத்தமைந்த தொடரே, அவர் விரும்பியவாறு, அவர் கல்லறையிற் பொறிக்கப்பெற்றது. பிறந்த மண்ணிற் கிடந்தும், தாம் வாழ்ந்த மண்ணின் மக்கள் பெயரால் அறியப்படவே அவர் விழைந்தார்.

அவர் தொடங்கிய தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப்பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. அது நமக்கு வருத்தம் தருவதே. ஆயினும் மானிப்பாய் மருத்துவசாலை அவர் பெயரைத் தாங்கி நிலைபெற்றது.

வாழும் ஊரினிடத்து அன்புடையேம் என்று நம்மிற் பலர் கூறிக்கொள்கின்றோம். அவ்வூர்த் திருவிழாவிற் கலந்துகொள்ளுதலும், நன்கொடை ஏட்டிற் பெயரெழுதுதலும் நல்லனவே. ஆனால், நாம் இல்லாத நாளிலும் அவ்வூர் தன் காலில் நிற்பதற்கு நாம் செய்து வைத்தது யாது என்று கிறீனின் வாழ்வு நம்மை வினவுகின்றது. நாம் அறிந்த தொழிலை அவ்வூர்ப் பிள்ளைகள் இருவர்க்கேனும் ஒளிக்காமற் கற்பித்தோமா? நம் அறிவை அவர்கள் மொழியிற் கூறினோமா? இல்லந்தோறும் பெரியோர் இவ்வினாக்களை ஒருமுறை சிந்திப்பாராயின், இக்கட்டுரை எழுதிய பயனை யாம் பெற்றோமாவோம்.