முகங்களைக் குறித்து வைத்தவர்

தம்பியைத் தேடி நாங்கள் நிரப்பிய படிவங்களில் அடையாளங்கள் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். மூன்று சொல் எழுதினால் நிறைந்துவிடும். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். இடப்புருவத்தின் முனையில் தழும்பு. கிணற்றுக்கட்டில் விழுந்து வந்தது. அதோடு கட்டம் முடிந்துவிடும். சிரிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் உதடு ஏறுவதை எங்கே எழுதுவது? நான் சித்திரம் படிப்பிப்பவன். ஒருமுறை அவனது முகத்தைத் தனித்தாளில் வரைந்து படிவத்தோடு குத்திக் கொடுத்தேன். அடுத்த தடவை போனபோது கோவையில் படிவம் இருந்தது, படம் இருக்கவில்லை.

சில வருடங்களின் பின், பழைய ஆங்கிலப் புத்தகமொன்றில் பீற்றர் ஸ்கொட் என்பவரின் படங்களைக் கண்டேன். அன்னங்களின் தலைகள். ஒவ்வொன்றும் முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்து வரையப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பெயர். பறவைக்கு இவ்வளவு பொறுமையா என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. வீதியோரக் கொட்டகையில் படத்தை நெஞ்சில் பிடித்தபடி தாய்மார் இருக்கும் நாட்டிலிருந்து பார்க்கிறவனுக்கு அந்த எரிச்சல் வரத்தான் செய்யும். பிறகு அவரது வாழ்க்கையைத் தேடித்தேடி வாசித்தேன்.

பீற்றர் ஸ்கொட் 1909 செப்டெம்பர் 14 இல் இலண்டனில் பிறந்தார். தந்தை ரொபேர்ட் பல்கன் ஸ்கொட், தென்துருவத்துக்குப் போய்த் திரும்பி வராத அந்தக் கப்டன் ஸ்கொட். 1912 மார்ச்சில் பனிப்பாலையில் ஒரு கூடாரத்துக்குள் தந்தையின் உயிர் போனபோது மகனுக்கு இரண்டரை வயது. உடல் அந்த வருடம் நவம்பரில்தான் கண்டெடுக்கப்பட்டது. தேடிப்போனவர்கள் கூடாரத் துணியையே மேலே சரித்து, பனியைக் குவித்து, ஒரு சிலுவையை நட்டுவிட்டு வந்தார்கள். உடல் வீட்டுக்கு வரவேயில்லை. தாய் கத்லீனுக்குச் செய்தி கிடைத்தது 1913 பெப்ரவரியில், கணவரைச் சந்திக்க நியூசிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது. ஏறக்குறைய ஒரு வருடம் அவர் இறந்தவருக்காகக் காத்திருந்திருக்கிறார். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அன்று மேலே வாசிக்கவில்லை.

கூடாரத்தில் எழுதிய கடைசிக் கடிதத்தில், பையனுக்கு இயற்கையின் மீது ஆர்வம் வரச்செய் என்று தந்தை மனைவியைக் கேட்டிருந்தார். கத்லீன் ஒரு சிற்பி. மகனின் கையில் பென்சிலைக் கொடுத்தது அவர்தான். கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில் அந்தக் கையில் துப்பாக்கியும் இருந்தது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் வொஷ் என்றொரு பெரிய சேற்றுக்கடல் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் வடக்கிலிருந்து ஆயிரக்கணக்கான காட்டு வாத்துகள் அங்கே இறங்கும். விடியற்காலை இருட்டில் படுத்துக் கிடந்து அவற்றைச் சுடுவதில் இளைஞன் ஸ்கொட்டுக்குப் பெரும் பித்து. வரைந்தவையும் சுட்டவையும் ஒரே பறவைகள்தான். ஒருநாள் சுடப்பட்ட வாத்தொன்று ஆள் போகமுடியாத சேற்றில் விழுந்து, மறுநாளும் உயிரோடு கிடந்தது. அவரது மனம் திரும்பத் தொடங்கியது அங்கே. உடனே துப்பாக்கியைத் தூக்கி எறிந்துவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, பல வருடங்கள் எடுத்துத்தான் முற்றாக விட்டார். கதை சொல்கிறவர்கள் ஒரே இரவில் மாறியவராக அவரைக் காட்டுவதுண்டு. எனக்கு நம்பும்படியாக இருப்பது இந்த மெதுவான ஆள்தான்.

1933 இல் அதே கரையில், நீன் ஆற்றின் முகத்துவாரத்தில், பழைய வெளிச்சவீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துக் குடியேறினார். சுற்றிவர வாத்துகளை வளர்த்தார், படங்களை வரைந்து விற்றார். 1936 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் வெண்கலமும் எடுத்தார். அதே வருடம் இலையுதிர் காலத்தில் காட்டிலிருந்து வந்த வாத்தொன்று அவரது வளர்ப்பு வாத்துகளோடு சேர்ந்து கொண்டது. வசந்தத்தில் வடக்கே பறந்துபோய், அடுத்த இலையுதிர் காலத்தில் திரும்ப அதே முற்றத்தில் வந்து இறங்கியது. போன ஒன்று, போன அதே ஒன்றுதான், திரும்பி வந்திருக்கிறது. இந்த நினைவு அவரை விட்டுப் போகவில்லை. போல் கலிக்கோ எழுதிய வெண்வாத்துக் கதையில் வெளிச்சவீட்டில் தனித்து வாழும் ஓவியனுக்கு ஸ்கொட்தான் முன்மாதிரி. கதையில் அந்த ஓவியன் போரில் இறந்துபோகிறான்.

நிஜத்தில் ஸ்கொட் போருக்குப் போய் உயிரோடு திரும்பினார். அட்லாண்டிக்கில் ஒரு நாசகாரிக் கப்பலில் இருந்தார். பிறகு பிரெஞ்சுக் கரையோரம் இரவில் ஓடிய பீரங்கிப் படகுகளுக்குத் தலைமை தாங்கினார். இரவில் கண்ணுக்குத் தப்புவதற்குக் கப்பலைக் கரும் நிறத்தில் பூசுவதுதான் அதுவரை வழக்கம். வெளிர் நிறம்தான் கடலோடு கலக்கும் என்று அவர் தமது கப்பலுக்குப் பூசிக் காட்ட, பின்னர் வேறு கப்பல்களும் அதைப் பின்பற்றின. பறவையின் உடலில் கற்ற நிறக்கணக்கு போருக்கும் பயன்பட்டது. போரைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார், விருதுகளும் பெற்றார்.

போர் ஓய்ந்த 1945 டிசம்பரில் செவேர்ண் ஆற்றோரம் ஸ்லிம்பிரிட்ஜ் என்ற இடத்துக்குப் போனார். வாத்துக் கூட்டங்களிடையே அரிதான சிறு வெண்நெற்றி வாத்தைத் தேடிப்போன பயணம் அது. எதிரி கரையேறினால் சுடுவதற்காகக் கட்டிய சீமெந்துக் காவலரண் கரையில் கைவிடப்பட்டுக் கிடந்தது. துவக்கு நீட்டும் துவாரத்தின் வழியே தொலைநோக்கியை நீட்டி, ஆயிரக்கணக்கானவற்றுக்குள் தேடிய பறவையைக் கண்டார். இந்த இடத்தில்தான் இனி வாழ்வு என்று முடிவெடுத்தார். 1946 நவம்பரில் அங்கே நீர்ப்பறவைகளுக்கான அறக்கட்டளை தொடங்கியது. எங்கள் பக்கத்துக் கரைகளிலும் காவலரண்கள் கிடந்தன. ஆடு கட்டியதையும் சீமெந்துக் கற்களைப் பெயர்த்து வேலிக்கு முட்டுக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். பறவை பார்த்ததைக் காணவில்லை.

உலக வனவிலங்கு நிதியத்தை 1961 இல் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அதன் பண்டாச் சின்னத்தை வரைந்ததும் அவர்தான். தொலைக்காட்சியில் பிரபலம், பின்னாளில் சேர் பட்டம். இவற்றை விரித்து எழுதப் பலர் இருக்கிறார்கள். என்னைப் பிடித்து இழுத்தது 1964 பெப்ரவரி.

அவரது சித்திர அறையில் சுவர் அளவுக்கு ஒரு கண்ணாடி யன்னல், அதற்கு முன்னால் ஒரு குளம். அந்தக் குளிர்காலத்தில் பியுவிக் அன்னங்கள் இருபத்துநான்கு அதில் வந்து இறங்கின. பறவைகளை மரத்தில் செதுக்கி அச்சிட்ட தோமஸ் பியுவிக் என்ற ஓவியரின் பெயரால் வழங்கும் அன்னம் இது. ரஷ்யாவின் ஆர்க்டிக் சதுப்புகளில் குஞ்சு பொரித்து, இலையுதிர் காலத்தில் ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர் பறந்து மேற்கு ஐரோப்பாவுக்கு வரும். யன்னலுக்குள் இருந்து வரைந்துகொண்டிருந்த ஸ்கொட், சொண்டின் மஞ்சளும் கறுப்பும் எந்த இரண்டு பறவைக்கும் ஒன்றுபோல் இல்லை என்பதைக் கவனித்தார். சிலதுக்கு மஞ்சள் சொண்டின் மேலால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஓடும். சிலதுக்குக் கறுப்பு நெற்றிவரை ஏறும். சிலதுக்குக் கறுப்பின் நடுவே காசு ஒட்டியதுபோல் ஒரு மஞ்சள் பொட்டு. கால்வளையம் வேண்டாம், பிடித்துத் துன்புறுத்தவும் வேண்டாம்; முகமே போதும்.

பெரிய படங்களை அவர் எண்ணெய் வர்ணத்தில்தான் செய்தார். குறிப்பேடுகளில் பென்சிலும் நீர்வர்ணமும். அன்னத்தை நீர்வர்ணத்தில் வரைவதன் சிரமம் வரைந்து பார்த்தவருக்குத் தெரியும். வெள்ளையைத் தீட்ட முடியாது. தாளைத் தொடாமல் விட வேண்டும், நிழலை மட்டும் சுற்றிவர மெல்லிய நீலச் சாம்பலில் இட வேண்டும். நிழல் ஒரு துளி கூடினால் பறவை அழுக்காகிவிடும். பறவையோ அசையாமல் நிற்காது. தலை தண்ணீருக்குள் போகும், வரும், திரும்பும். ஒரே தாளில் நான்கைந்து தலைகளைத் தொடங்கி வைத்துக்கொண்டு, எந்தக் கோணம் மறுபடி வருகிறதோ அந்தக் கோட்டுக்குத் திரும்பிப் போகவேண்டும். வங்காலையில் ஊசிவால் தாராக்களை வரையப்போய் நான் படுகிற பாடு இதுதான். அதோடு எனக்கு உப்புக்காற்றில் தாள் காயாது. அவருக்குக் கதகதப்பான அறையும் கண்ணாடியும் இருந்தன என்று பொறாமைப்படுவேன்.

மகள் டாபிலாவுக்கு அப்போது பன்னிரண்டு வயதுகூட ஆகவில்லை. ஊசிவால் தாராவின் பழைய விஞ்ஞானப் பெயரையே பிள்ளைக்கு வைத்திருந்தார்கள். தந்தையும் தாய் பிலிப்பாவும் மகளும் சேர்ந்து முகங்களைப் பாடமாக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார்கள். லான்சலொட் என்ற ஆண் அன்னம் இருபது குளிர்காலங்களுக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தது. இரவிலும் பார்க்கக் குளத்துக்கு விளக்குப் போட்டார்கள். யார் யாருடைய துணை, எந்தக் குஞ்சு எந்தக் குடும்பம் என்பதெல்லாம் பதிவேட்டில் ஏறியது. குஞ்சுகள் முதல் பயணத்தைத் தாய் தகப்பனோடுதான் செய்யும். ஆகவே ஒரு சோடி குஞ்சுகளோடு இறங்கினால் அந்த வருடம் வடக்கில் என்ன நடந்தது என்பதை யன்னலிலிருந்தே வாசிக்கலாம். சோடியில் ஒன்று மட்டும் வந்தால் அதையும் வாசிக்கலாம். சாதாரணமாக இவை துணையை விட்டுப் பிரிவதில்லை. தனித்து வந்தது வேறு துணை தேடாமலே ஒரு குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் தனியே திரும்பிப் போவதும் உண்டு.

இந்தப் பதிவேட்டின் பெறுமதி எனக்கு அங்கேதான் பிடிபட்டது. நூறு அன்னம் போய் நூறு அன்னம் வந்தால் எண்ணிக்கையில் ஒரு குறையும் தெரியாது. முகத்தைக் குறித்து வைத்தவருக்குத்தான் வராதது எது என்று தெரியும்.

வந்தவற்றின் உடலிலும் கதை இருந்தது. 1970 களில் ஸ்லிம்பிரிட்ஜில் பிடித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்கு அன்னங்களின் உடலில் ஈயச் சன்னங்கள் இருந்தன. சட்டப்படி யாரும் சுடக்கூடாத பறவை. எந்த நாட்டு வானில், யாருடைய துவக்கில் பட்டது என்று சன்னம் சொல்லாது. அதைச் சுமந்துகொண்டே அவை வருடாவருடம் போய் வந்தன. உடம்புக்குள் செல் துண்டோடு வேலைக்குப் போய் வருகிற ஆட்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். இதை நான் அவர்களில் ஒருவருக்கு வாசித்துக் காட்டினேன். எக்ஸ்ரே எடுக்க அன்னத்தை எப்படிப் படுக்கவைத்தார்கள் என்றுதான் அவர் கேட்டார்.

ஈர நிலங்களைக் காக்கும் உலக உடன்படிக்கை 1971 இல் ஈரானின் ராம்சாரில் கைச்சாத்தானது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் ஸ்கொட்டும் ஒருவர். எங்கள் வங்காலை அந்தப் பட்டியலில் சேர்ந்தது 2010 இல், போர் முடிந்த அடுத்த வருடம். அதற்கு முன்பும் ஊசிவால் தாராக்கள் வந்துகொண்டுதான் இருந்தன. பார்க்க எங்களை விடவில்லை.

பீற்றர் ஸ்கொட் 1989 ஓகஸ்ட் 29 இல் காலமானார். எண்பது வயதாக இரண்டு கிழமை இருந்தது. அன்னங்கள் வந்து இறங்கும் காலத்துக்கு இன்னும் சில கிழமைகள் இருந்தன. அவர் இல்லாத முதல் குளிர்காலத்திலும் குளத்தருகே யாரோ ஒருவர் சொண்டுகளைப் பார்த்துப் பழைய பெயர்களுக்கு நேரே குறித்துக்கொண்டிருந்தார். பதிவேடு அவருக்குப் பின்னும் தொடர்ந்தது. அதில் ஏறிய முகங்கள் பல ஆயிரம்.

இம்முறை சோளகம் அடங்கி வாடை தொடங்கியதும் தாளும் வர்ணப்பெட்டியும் எடுத்துக்கொண்டு வங்காலைக்குப் புறப்பட்டேன். அம்மா மறித்தார். தம்பியின் படம் வேறொன்று வேண்டுமாம். பழைய படத்தில் இருபத்திரண்டு வயசுப் பிள்ளை, இப்ப கண்டால் ஆருக்கு அடையாளம் தெரியும் என்பது அவரது கேள்வி. இன்றைய வயதில் வரையச் சொல்கிறார். காதோரம் கொஞ்சம் நரை வைக்கலாம் என்று நினைத்தேன். அப்பாவுக்கு அந்த வயதில் நரைக்கவில்லை என்று சொல்லி அம்மா அதை அழிக்கச் சொன்னார். புருவத் தழும்பை முதலில் வரைந்துவிட்டு, மற்றதை அவரிடம் கேட்டுக்கேட்டு வரைந்துகொண்டிருக்கிறேன்.