நீல மாத்திரையும் எல்லப்பிரகத சுப்பாராவும்



வாரத்துக்கு ஒருக்கா நமக்கு ஒரு நீல மாத்திரை தர்றாங்க இல்லையா? வாந்தி வருதுன்னு சொல்லி நிறைய பேர் (நானும்தான்!) வாயில் அடக்கி வைத்திருந்து வேப்பமரத்துக்குப் பின்னாடி போய்த் துப்பியிருக்கோம். அந்த மாத்திரையில் இரும்புச்சத்தோடு ஃபோலிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. அதை முதன்முதலில் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? சென்னையில் மருத்துவம் படித்த எல்லப்பிரகத சுப்பாராவ். அவர் கதையைத்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

அவர் 1895 ஜனவரி 12 அன்று பீமவரத்தில் பிறந்தார். இப்போது அது ஆந்திரா, அப்போது சென்னை மாகாணம். சின்ன வயசில் படிப்பு ஓடவில்லை. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை பெயில்! மூன்றாவது தடவை சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத்தான் பாஸானார். (கணக்கில் மார்க் குறைந்தவர்கள் இந்த வரியை வீட்டில் காட்டலாம்.) அப்புறம் மாநிலக் கல்லூரி, அதற்கப்புறம் சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தி சொன்னார் என்று வெளிநாட்டுத் துணியை விட்டுவிட்டு, ஆபரேஷன் செய்யும்போது போடும் அங்கியையும் கதரிலேயே போட்டுக்கொண்டு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் அவருக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் குறைவான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது.

அந்தக் காலத்தில் ஸ்ப்ரூ என்று ஒரு நோய் இருந்தது. சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாது, வயிற்றால் போய்ப் போய் ரத்தம் வற்றிவிடும். அதில் அவருடைய அண்ணன் தம்பிகளில் இரண்டு பேர் செத்துப் போனார்கள். இதற்கு ஒரு மருந்து இல்லையா என்ற எண்ணம் அவரை விடவே இல்லை.

1922ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்குப் படிக்கப் போனார். கையில் காசு இல்லை. பகலில் படிப்பு, ராத்திரியில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலஜலப் பாத்திரம் கழுவும் வேலை. ஏற்கெனவே டாக்டருக்குப் படித்த ஆளுங்க அவர்! ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து, ரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறையை 1925ல் வெளியிட்டார். நம்ம அறிவியல் புத்தகத்தில் ஏடிபி என்று வருதே, செல்லுக்குச் சக்தி தருவது, அது தசையில் இருப்பதை 1929ல் எழுதினவர்களில் இவரும் ஒருவர். ஆனாலும் ஹார்வர்டில் நிரந்தர வேலை தரவில்லை. 1940ல் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனிக்குப் போனார்.

அங்கேதான் ஃபோலிக் அமிலம். இது கீரையிலும் ஈரலிலும் இருக்கிற சத்து. இதன் கதை நம்ம நாட்டில் ஆரம்பித்தது என்று சயின்ஸ் மிஸ் சொன்னாங்க. பம்பாயில் ரத்தசோகையால் கஷ்டப்பட்ட கர்ப்பிணிகளுக்கு ஈஸ்ட் சாறு கொடுத்தால் சரியாகிறது என்று லூசி வில்ஸ் என்ற டாக்டரம்மா 1931ல் எழுதினார். அந்தப் பெண்களில் மில் வேலைக்காரர்கள் உண்டு. அந்தச் சாற்றில் இருந்த சத்தைத்தான் சுப்பாராவ் குழு 1945ல் செயற்கையாகச் செய்தது. ஸ்ப்ரூ நோய்க்கும் அது கேட்டது. அண்ணன் தம்பிகளுக்குத்தான் அது கிடைக்கவில்லை.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அந்த மாதிரி சத்தைக் கொடுத்தபோது நோய் இன்னும் வேகமாக ஏறின மாதிரி பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பருக்குத் தெரிந்தது. அப்படியானால் அந்தச் சத்தைத் தடுத்தால்? சுப்பாராவின் ஆட்கள் ஃபோலிக் அமிலம் போலவே இருக்கும் ஒரு போலியைச் செய்து தந்தார்கள். அதன் பெயர் அமினோப்டெரின்.

நம்ம ஊர்க்காரங்களுக்குத் தறி வைத்துச் சொன்னால் புரியும். நாடாவுக்குள் ஒரு தார் போடுறோம். பார்க்க நல்ல தார் மாதிரியே இருக்கு, உள்ளே சரியா உட்காருது, ஆனா நூல் மட்டும் வராது. தறி நின்னுடும். புற்றுநோய் செல் ஓயாமல் இரண்டு இரண்டாகப் பிரியும். அதற்கு ஃபோலிக் அமிலம் வேணும். போலியை எடுத்துக்கொண்டால் பிரிய முடியாமல் நின்றுவிடும்.

ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்குக் குணம் தெரிந்தது. சில மாதத்தில் நோய் திரும்பி வந்துவிட்டது என்பதும் உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் அந்த நோயில் அவ்வளவு கூடப் பார்த்ததில்லை. இதை அவர் 1948 ஜூனில் வெளியிட்டார். அதே ஆகஸ்டில் சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். வயசு 53.

அமினோப்டெரினுக்குத் தம்பி மாதிரி மெத்தோட்ரெக்ஸேட் என்று ஒரு மருந்து. அது எங்க வீட்டுக்கு வந்தது. என் மாமன் பையனுக்கு ஐந்து வயசில் ரத்தப் புற்றுநோய். கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தாங்க. முடி பூராவும் கொட்டிப் போச்சு. வாயெல்லாம் புண், தயிர்சோறு கூட இறங்காது. அம்மாயி அவனைப் பார்க்க முடியாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பாங்க. ஏன் அப்படி ஆச்சுன்னா, அந்தப் போலிக்கு நல்ல செல், கெட்ட செல் தெரியாது. வேகமாகப் பிரிகிற எல்லாத்தையும் நிறுத்தும். முடியும் வாயும் அப்படிப் பிரிகிற இடங்கள்.

இப்போது விஞ்ஞானிகள் அடையாளம் பார்த்து அடிக்கப் பார்க்கிறார்கள். பட்டியில் நம்ம செம்மறி ஆட்டுக்குப் பெயிண்ட் வைக்கிற மாதிரி, புற்றுநோய் செல்லின் மேலே சில புரதங்கள் நல்ல செல்லை விட நிறைய இருக்கும். அதற்கு ஆன்டிஜென் என்று பெயர். இதில் ஆச்சரியம் என்னவென்றால், அப்படி ஒரு அடையாளம் ஃபோலிக் அமிலத்தைப் பிடித்து உள்ளே இழுக்கும் புரதமேதான்! சினைப்பைப் புற்றுநோய் வந்த நிறைய பேருக்கு அந்தக் கட்டியில் இது அதிகமாக இருக்கும். முதலில் கட்டியில் ஒரு துணுக்கு எடுத்து அந்தப் புரதம் போதுமான அளவு இருக்கா என்று பார்ப்பார்கள். இருந்தால், அதையே தேடிப்போய் ஒட்டி விஷத்தை உள்ளே விடும் மருந்தைத் தருவார்கள். அமெரிக்காவில் 2022ல் இதற்கு அனுமதி கொடுத்தார்கள். சுப்பாராவ் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

யானைக்கால் நோய்க்கு ஊரில் தருவாங்களே டிஇசி மாத்திரை, அதுவும் அவர் கம்பெனிக் குழுவிலிருந்து வந்ததுதான். ஆனால் நோபல் பரிசு இல்லை. 1995ல் நம்ம அரசாங்கம் தபால்தலை போட்டது. அவர் கப்பலேறின பிறகு திரும்பி வரவே இல்லை. பிறந்த மகனைப் பார்க்கவில்லை, அந்தக் குழந்தை சின்னதிலேயே போய்விட்டது. மனைவி சேஷகிரி இங்கேயே காத்திருந்தார். எனக்கு இந்த இடம்தான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த அம்மாவைப் பற்றி யாரும் அதிகமாக எழுதவில்லை.

மாமன் பையன் இப்போது இரண்டாம் வகுப்பு. முடி வளர்ந்து சுருட்டையாகி இருக்கிறது. அவன் பள்ளியிலும் வாரம் ஒருக்கா சத்து மாத்திரை தர்றாங்க. டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பதால் அவனுக்கு மட்டும் அது கிடையாது. அதே வாரத்தில் ஒரு நாள் பொழுதோட மெத்தோட்ரெக்ஸேட். தண்ணி ஒரு சொம்பு குடித்து அவனே முழுங்கிடுவான், துப்பமாட்டான்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி